மொறிஸ் மைனர் பிக்கப்: பெயின்ற் அடித்து, புது வயர் இழுத்த பிறகு வரும் கோளாறுகள்

கறள் சுரண்டி, தகடு ஒட்டி, பெயின்ற் அடித்து, புது வயர் இழுத்து முடித்த அன்று எல்லாம் எரியும் என்று நம்பித்தான் சாவியைத் திருப்புவோம். பழைய வயரோடு ஓடித் திரிந்த காலத்தில் ஒழுங்காக எரிந்த லைற்கூட அன்று எரியாது. எங்கள் வீட்டு 1098 சீசீ பிக்கப்பில் அதுதான் நடந்தது. அப்பா பல வருடம் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிய வண்டி. பிறேக்கை மிதித்தால் முன் பார்க் லைற் மினுங்கியது. ஹெட்லைற் போட்டால் சிக்னல் தன் வேலையை மறந்தது. இரண்டு கிழமையாக நான் இழுத்த வயரையே திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்பா காலத்திலிருந்தே அந்த வண்டியைத் தெரிந்த ஓர் அண்ணை வந்தார். பொனற்றைத் திறக்காமலே கேட்டார்: "தம்பி, கரண்ட் போற வழியை வடிவா இழுத்திருக்கிறாய். திரும்பி வாற வழி எங்கை?"

மைனர் காருக்கும் பிக்கப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. காருக்குத் தனிச் சசி இல்லை, பொடி முழுவதும் ஒரே இரும்பு. 1953 இல் வந்த வானுக்கும் பிக்கப்புக்கும் தனிச் சசி உண்டு. பிக்கப்பில் கபின் சசிமேல் போல்ற்றில் உட்கார்ந்திருக்கிறது, பின்பெட்டி அதற்குப் பின்னால் தனியாகப் போல்ற்றில் உட்கார்ந்திருக்கிறது. பின் லைற்றில் எரிந்த கரண்ட் பெட்டித் தகட்டுக்குள் போய், போல்ற் வழியாகச் சசிக்கு இறங்கி, சசியிலிருந்து கபினுக்கு ஏறி, பிறகுதான் பற்றரிக்குப் போகும். நாற்பது, ஐம்பது வருடமாக இரும்போடு இரும்பு உரசிக் கிடந்த அந்த மூட்டுகளைக் கழற்றி, பிறைமர், பெயின்ற், புது றபர் வாசர் எல்லாம் போட்டுப் பூட்டியது நாங்கள்தான். பெயின்ற் கரண்டை விடாது.

அதனால் கீழே எந்தக் கோளாறை எடுத்தாலும் முதலில் ஏர்த், அதாவது கரண்ட் இரும்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் வழி. பிறகு மூட்டுகள். வயர் அதற்குப் பிறகுதான்.

சாவியைத் திருப்ப முன்னர்

ஒரு மல்ரிமீற்றர், 21 வாற் பல்ப் ஒன்று ஹோல்டரோடும் இரண்டு நீள வயரோடும், எமரித் தாள், குறடு. இவ்வளவு போதும். பல்ப்தான் முக்கியம், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

நிறங்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். மைனரின் மின்சாமான் செய்த லூக்காஸ் கொம்பனியின் வயரிங்கில் மண்ணிறம் பற்றரியிலிருந்து நேராக வருவது, பியூஸ் இல்லை. வெள்ளை சாவி போட்டால் உயிர்வருவது, அதற்கும் பியூஸ் இல்லை. பச்சை சாவிக்குப் பிறகு பியூஸ் கடந்தது. ஊதா எப்போதும் உயிரோடு இருப்பது, ஆனால் பியூஸ் கடந்தது. நீலம் ஹெட்லைற்: நீலம்-வெள்ளை உயர் வெளிச்சம், நீலம்-சிவப்பு தாழ் வெளிச்சம். சிவப்பு பார்க் லைற். பச்சை-சிவப்பு இடது சிக்னல், பச்சை-வெள்ளை வலது, பச்சை-ஊதா பிறேக் லைற். கறுப்பு ஏர்த்.

பழைய வயரைப் பார்த்து அதே மாதிரி இழுக்க வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் தனிக் காரணம் இருக்கிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, ஸ்பெயார் சாமான் இல்லை. மைனரும் ஒஸ்ரின் ஏ40 காரும் மண்ணெண்ணெயில் ஓடின. இறாத்தல் கணக்கில் வாங்கிய எந்த வயரோ அந்த வயர்தான் வண்டிக்குள் போனது. எங்கள் வண்டியின் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் வீட்டுக்கு இழுக்கும் இரட்டை வயர் ஐந்து முழம் வந்தது, நிறம் முழுக்க வெள்ளை. அந்தக் காலத்தில் வண்டியை ஓட வைத்தவர்களுக்குக் கும்பிடு போடலாம், அவர்கள் போட்ட வழியைப் பின்பற்ற முடியாது.

இன்னொன்று: தொழிற்சாலையிலிருந்து வந்த மைனருக்குப் பற்றரியின் நேர்முனைதான் ஏர்த். பொடியோடு பூட்டியிருப்பது கூட்டல் முனை. கழற்றும்போது ஏர்த் கேபிளை முதலில் கழற்ற வேண்டும் என்ற விதி இங்கேயும் அதுதான், ஆனால் கழற்றுவது கூட்டல் முனை. இடையில் யாராவது மாற்றி வைத்திருக்கக்கூடும். கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தாமல் எதையும் தொட வேண்டாம்.

இனி அந்தப் பல்ப். உயிர்க் கேபிளை (ஏர்த் அல்லாத மற்ற முனைக்குப் போவது) பற்றரியில் நேராகப் பூட்டாமல், கேபிளுக்கும் பற்றரி முனைக்கும் நடுவில் 21 வாற் பல்பைப் போடுங்கள். எல்லாச் சுவிற்சும் நிறுத்தியிருக்கும்போது பல்ப் எரியக்கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ வயர் பொடியைத் தொடுகிறது, ஆனால் இரண்டு அம்பியருக்கு மேல் போக வழியில்லாததால் புகை வராது. மங்கலாக எரிந்தால் எதோ ஒன்று சுவிற்ச் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு சாவியைப் போடுங்கள். டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் பொயின்ற் மூடியிருந்தால், ஸ்பார்க் தரும் கொயில் கரண்ட் இழுக்கும், பல்ப் நடுத்தர வெளிச்சத்தில் எரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சுவிற்சாகப் போட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் கேபிளை நேராகப் பூட்டுவது. மைனரில் ஹெட்லைற் வழிக்குப் பியூஸ் கிடையாது என்பதை நினைத்தால் இந்தப் பத்து நிமிடம் எவ்வளவு மலிவு என்று விளங்கும்.

ஸ்ராற்றர் டக் என்கிறது, எஞ்சின் சுற்றவில்லை

பற்றரி வோல்ற் பாருங்கள். சும்மா நிற்கும்போது 12.6 இருந்தால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி. ஸ்ராற்றர் இழுக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பற்றரியைத்தான் பார்க்க வேண்டும். 12இலேயே நிற்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் பற்றரி நல்லது, கரண்ட் போய்ச் சேரவில்லை.

எஞ்சின் றபர் மவுண்டில் நிற்கிறது. எஞ்சின்-கியர்பொக்ஸ் தொகுதியிலிருந்து இரும்புப் பக்கம் போகும் பின்னல் பட்டி ஒன்று இருக்க வேண்டும். எஞ்சினை இறக்கி ஏற்றியவர்கள் மறந்துபோவது இதைத்தான். பட்டி இல்லாவிட்டால் ஸ்ராற்றரின் நூற்றுக்கணக்கான அம்பியர் வேறு வழி தேடும், கிடைப்பது சோக் கேபிள் அல்லது அக்சிலேற்றர் கேபிள். சாவியைத் திருப்பியபோது சோக் கேபிள் சுட்டது, அதன் உறை உருகியது என்று யாராவது சொன்னால் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

சோதிப்பது சுலபம். ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து எஞ்சின் இரும்பில் ஒரு முனையையும் பற்றரியின் ஏர்த் முனையில் மறு முனையையும் பிடித்துவிட்டு இழுத்துப் பாருங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றினால் பட்டிதான். சுற்றாவிட்டால் உயிர்ப் பக்கம்: மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் முனையிலும் (கிளிப்பில் அல்ல, ஈய முனையிலேயே) மறு முனையைச் ஸ்ராற்றர் போல்ற்றிலும் வைத்து, ஒருவர் ஸ்ராற்றரை இழுக்க நீங்கள் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ தொலைகிறது. பற்றரி கிளிப், ஸ்ராற்றர் சுவிற்ச், கேபிள் நுனி என்று ஒவ்வொன்றாகக் குறுக்கிக்கொண்டு வாருங்கள். பழைய மாடலில் கையால் இழுக்கும் கம்பியும் பிந்தியதில் சாவியும் சொலினொயிட்டும் இருக்கும், அளக்கும் முறை ஒன்றுதான்.

அளந்ததெல்லாம் சரி, ஒரே ஒரு டக், பிறகு அசைவே இல்லை என்றால் பற்சில்லு சிக்கியிருக்கலாம். ஸ்ராற்றர் தண்டின் பின் நுனி சதுரமாக இருக்கும், மூடியைக் கழற்றி ஸ்பனரால் திருப்பினால் விடுபடும். ரொப் கியரில் போட்டு வண்டியை முன்பின் ஆட்டுவது எங்கள் ஊர் வைத்தியம், அதுவும் வேலை செய்யும்.

சுற்றுகிறது, பற்றவில்லை

சாவி போட்டதும் எஸ்.யு. பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று சில தடவை அடித்து நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையா, பம்புக்கு வரும் வெள்ளை வயரில் 12 வோல்ற் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்தது பம்பின் ஏர்த். நானே அழகாகப் பெயின்ற் அடித்த தகட்டில் அதைப் பூட்டிவிட்டு, பம்ப் செத்துவிட்டது என்று கொழும்பில் ஸ்பெயார் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பப் பார்த்தேன். பம்பின் உடம்பிலிருந்து ஒரு கறுப்பு வயரை ஏர்த்துக்கு இழுத்ததும் அடித்தது. ஏர்த்தும் சரி என்றால் மெதுவாக ஒரு தட்டு, அதன் உள்ளே இருக்கும் பொயின்ற் ஒட்டியிருக்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் மின் கோளாறு அல்ல, பெற்றோல் இல்லை அல்லது உறிஞ்சும் குழாயில் காற்று இழுக்கிறது.

பம்ப் சரி, ஸ்பார்க் இல்லை என்றால் டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறங்கள். கொயிலிலிருந்து வரும் சிறு வயரும் கொண்டென்சர் வயரும் பொயின்ற்றின் ஸ்பிறிங்கைத் தொட வேண்டும், அந்தச் சிறு போல்ற்றைத் தொடக்கூடாது. நடுவில் வரும் ஃபைபர் வாசரை மாற்றிப் போட்டால் பொயின்ற் எப்போதும் மூடியதாகவே கொயில் நினைக்கும், ஸ்பார்க் வராது. புதுப் பொயின்ற் போட்ட அன்று வரும் கோளாறு பத்துக்கு எட்டு இதுதான். இடைவெளி 0.015 அங்குலம், ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர்.

சிவப்பு லைற் அணையவில்லை, பற்றரி ஏறவில்லை

மைனரில் அம்பியர் மீற்றர் இல்லை. சிவப்பு லைற் ஒன்றுதான் வாய் திறந்து பேசும், ஆனால் அது சொல்வதைச் சரியாகக் கேட்க வேண்டும்.

சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் லைற் பல்பு போயிருக்கலாம். இல்லையென்றால் டைனமோவுக்குள் பிரஷ் தொடவில்லை. அந்த லைற்றின் கரண்ட் டைனமோவுக்குள் போய்த்தான் ஏர்த்தாகிறது. டைனமோவைக் கழுவிப் பெயின்ற் அடித்தவர்கள் பிரஷ்ஷைச் சரியாக உட்கார வைக்காமல் விட்டிருப்பார்கள்.

எஞ்சினை வேகப்படுத்தியும் அணையவில்லை என்றால் முதலில் பெல்ற். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் போக வேண்டும். பெல்ற் சரி என்றால் டைனமோ நல்லதா, அதன் வோல்ற்றை அளவோடு வைக்கும் றெகுலேற்றர் நல்லதா என்று பிரிக்க வேண்டும். டைனமோவில் பெரிய முனையிலும் சிறிய முனையிலும் உள்ள இரண்டு வயரையும் கழற்றி, அந்த இரண்டு முனையையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள். மீற்றரை அந்த வயருக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் வையுங்கள். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வோல்ற் தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும். 20 ஐத் தாண்ட விடாதீர்கள், இந்தச் சோதனையில் டைனமோவைத் தடுக்க யாரும் இல்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் பிரஷ். அரை வோல்ற், ஒரு வோல்ற்றில் நின்றுவிட்டால் ஃபீல்ட் சுருள். 4, 5 வோல்ற்றில் நின்றால் ஆர்மேச்சர்.

டைனமோ நன்றாக ஏறுகிறது என்றால் மிச்சம் றெகுலேற்றரும் வயரும். வயரை அளந்த பிறகு றெகுலேற்றர். ஆர்.பி.106 பெட்டியில் ஏ, ஏ1, எஃப், டி, இ என்று ஐந்து முனை. ஏயிலும் ஏ1இலும் உள்ள வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, பொடியைத் தொடாமல் சுற்றிவிட்டு, டிக்கும் இக்கும் நடுவில் அளங்கள். வேகம் ஏற ஏற வோல்ற் ஏறி 16ஐ அண்டி ஓர் இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் வெய்யிலில் அதைவிடச் சற்றுக் குறைவாக நின்றாலும் சரி. அதற்குள் இருக்கும் கட் அவுற் (டைனமோ போதியளவு தராதபோது பற்றரியை அதிலிருந்து பிரித்து வைக்கும் சுவிற்ச்) 13 வோல்ற்றை அண்டி மூடும்.

பற்றரி கொதிக்கிறது, பல்புகள் அடுத்தடுத்துப் போகின்றன என்றால், றெகுலேற்றரைத் தூக்கி எறிய முன்னர் இ முனையைப் பாருங்கள். அந்த ஏர்த் இல்லாவிட்டால் றெகுலேற்றரின் சுருளுக்குக் கரண்ட் வராது, டைனமோ எவ்வளவு கொடுத்தாலும் போதும் என்று சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெட்டி பூட்டிய தகட்டை நீங்கள் பெயின்ற் அடித்தீர்களா? நான் அடித்தேன்.

டைனமோவை மாற்றினாலோ, ஏர்த் முனையை மாற்றினாலோ ஒருக்கால் முனைப்படுத்த வேண்டும். டைனமோவின் சிறிய முனையான எஃப்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் எஃப் முனையை ஒரு கணம், இரண்டு கணம் தட்டினால் போதும்.

மெதுவாக ஓடும்போது, இரவில் லைற் போட்டுச் சந்தியில் நிற்கும்போது சிவப்பு லைற் மினுங்கினால் அது கோளாறு அல்ல. டைனமோ அந்த வேகத்தில் தராது. ஹெட்லைற் இரண்டும் 84 வாற், ஏழு அம்பியர். பார்க், பின், நம்பர், மீற்றர் லைற்றுகள் இரண்டரை. கொயிலும் பம்பும் நான்கு. மழையில் வைப்பர் மூன்று. கூட்டினால் பதினாறு, பதினேழு. சி40 டைனமோ நல்ல வேகத்தில் 22 அம்பியர் தரும், பழைய சி39 பத்தொன்பது. இதற்கு 60/55 வாற் ஹலஜன் போட்டால் உயர் வெளிச்சத்துக்கு மட்டும் பத்து அம்பியர். மாரியில் இரவில் ஓடினால் கணக்கு சரியாக வந்து விளிம்பில் நிற்கும். ஆல்ரனேற்றர் போடலாம். அதற்கு ஏர்த்தை எதிர்முனையாக மாற்றி, கொயிலின் இரு வயரையும் இடம் மாற்ற வேண்டும். பம்புக்குள் டயோட் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். நான் மாற்றவில்லை. சந்தைக்குப் போய் வருவதற்கு டைனமோ போதும்.

ஹெட்லைற் மங்கல், அல்லது ஒரு பக்கம் மட்டும் மங்கல்

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் அந்தப் பக்க ஏர்த். வேறு ஆராய்ச்சி வேண்டாம். லைற்றை எரிய வைத்துவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பல்பின் ஏர்த் முனையிலும் மற்றதைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் வைத்துப் பாருங்கள். 0.2, 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் கெட்டது. ஓம்ஸ் வைத்துப் பார்த்து "தொடர்பு இருக்கிறது" என்று திருப்திப்பட வேண்டாம். பெயின்ற்றைத் துளைத்த ஒரு நூல் இழைகூட ஓம்ஸில் சரியென்றுதான் காட்டும். மூன்றரை அம்பியர் போகும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

இரு பக்கமும் மங்கல் என்றால் உயிர்ப் பக்கம். பற்றரி முனையிலிருந்து பல்ப்வரை ஒவ்வொரு மூட்டாக அளங்கள். கால் அழுத்தும் டிப் சுவிற்ச் தரையில் இருப்பதால் மழையில் நனைந்த செருப்பு, சேறு, வெங்காயச் சருகு எல்லாம் அதற்குத்தான். உள்ளே பச்சை பூத்திருக்கும். அதற்கு முன்னால் லைற் சுவிற்ச். அதற்குப் பிறகு பொனற்றுக்குக் கீழே லூக்காஸின் புல்லற் மூட்டுகள், றபர் குழாய்க்குள் இரண்டு பித்தளைக் குண்டு. கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டியில் அவை ஒன்றும் மினுங்காது. புது வயர் இழுக்கும்போது பழைய மூட்டுக் குழாய்களைத் திரும்பப் போடுவது காசு மிச்சம் பிடிப்பது அல்ல, நாளை இரவு வீதியோரத்தில் நிற்பதற்கு முற்பணம்.

எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு: ஹெட்லைற்றுக்கு றிலே (சிறு கரண்டால் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிற்ச்) போடுங்கள், பழமை கெட்டுப்போகிறது என்று சொல்பவர்களைச் சொல்லவிடுங்கள். றிலேக்கு வரும் வயர் 2 சதுர மில்லிமீற்றர், ஒவ்வொரு பல்புக்கும் 1 சதுர மில்லிமீற்றர் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பியூஸ். அறுபது வயதுச் சுவிற்சின் மேல் ஏழு அம்பியரை ஏற்றுவது முதியவரிடம் மூட்டை கொடுப்பது மாதிரி.

பிறேக் மிதித்தால் முன் லைற் மினுங்குகிறது

இது எங்கள் வண்டி. பின்பக்கத்தில் பிறேக்கும் பின் லைற்றும் ஒரே பல்புக்குள் இரண்டு இழை, ஏர்த் இரண்டுக்கும் பொது. அந்த ஏர்த் போய்விட்டால் 21 வாற் பிறேக் இழையின் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்து இழைக்குள் நுழைந்து, சிவப்பு வயர் வழியாக முன்னால் வந்து, பார்க் லைற்றுகளின் ஏர்த்தில் இறங்கும். அதனால்தான் அங்கே மினுங்குகிறது. பின் சிக்னல் போட்டால் பிறேக் லைற்றும் சேர்ந்து துடிப்பதும் இதே கதை.

பெட்டியின் போல்ற்றைச் சுரண்டிச் சுரண்டிச் சரிபார்க்கலாம், இரண்டு மாரி கழிந்தால் திரும்ப வரும். நான் செய்தது: இரண்டு பின் லைற்றிலிருந்தும் தனிக் கறுப்பு வயர் இழுத்து, சசியில் ஓர் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி, நட்சத்திர வாசர் வைத்துப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினேன். பிறகு சசிக்கும் கபினுக்கும் நடுவில் தடித்த பின்னல் பட்டி ஒன்று. பிறேக் லைற் இதற்குப் பிறகும் எரியாவிட்டால், பிறேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிற்சின் இரு வயரையும் கழற்றித் தொடவையுங்கள். எரிந்தால் சுவிற்ச் போய்விட்டது. அதைக் கழற்றிப் புதிது போட்டால் பிறேக்கில் காற்று எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிக்னல் துடிக்கவில்லை, அல்லது அவசரப்படுகிறது

பழைய சூட்டுக் கம்பி ஃபிளாஷருக்கு 21 வாற் பல்ப் இரண்டின் பாரம் வேண்டும். ஒரு பல்ப் போனாலோ ஏர்த் கெட்டாலோ தாளம் மாறும். எல்.இ.டி. போட்டால் பாரம் இல்லாததால் துடிக்காது. அதோடு, நேர்முனை ஏர்த் வண்டிக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிற எல்.இ.டி.தான் வேண்டும். கடையில் தொங்குவது பெரும்பாலும் மற்றது.

பியூஸ் போகிறது

மைனரில் இரண்டே இரண்டு பியூஸ். 35 என்று எழுதியிருப்பது பியூஸ் வெடிக்கும் கணக்கு. லூக்காஸ் கண்ணாடிப் பியூஸ் தொடர்ந்து தாங்குவது அதில் ஏறத்தாழப் பாதி, 17 அம்பியர். வேறு கணக்கில் 35 என்று எழுதிய பியூஸை வாங்கிப் போட்டால், வயர்தான் பியூஸ் ஆகும்.

புதுப் பியூஸ் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம். பியூஸ் இருக்கும் இடத்தில் அந்த 21 வாற் பல்பை வையுங்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் கோளாறு இன்னும் இருக்கிறது. பச்சை வழி என்றால் வைப்பர், பிறேக் லைற், சிக்னல், பெற்றோல் மீற்றர் என்று ஒவ்வொரு புல்லற் மூட்டாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ அங்கேதான். பிக்கப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சசியோடு பின்னால் போகும் வயர்: கிளிப் நெரித்த இடம், பெட்டியின் போல்ற் உரசும் இடம், தகட்டு ஓட்டைக்கு றபர் வளையம் போடாமல் விட்ட இடம். வண்டியை ஆட்டும்போது மட்டும் பல்ப் மின்னினால், ஒருவர் பெட்டிமேல் ஏறிக் குதிக்க மற்றவர் பல்பைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு ஆள் பிடிக்கச் சிரமம் இருக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

காலையில் பற்றரி காலி

மைனரில் மணிக்கூடு இல்லை, றேடியோ நீங்கள் போட்டால்தான். ஆகவே நிறுத்திய வண்டி ஒன்றும் இழுக்கக்கூடாது. அதே பல்பை உயிர்க் கேபிளில் வைத்துப் பாருங்கள், மங்கலாகவேனும் எரிந்தால் ஊதா, மண்ணிறம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

இதில் ஒன்று மட்டும் அவசரம். சாவியை எடுத்த பிறகும் சிவப்பு லைற் எரிகிறதா? றெகுலேற்றரில் கட் அவுற் ஒட்டிவிட்டது. பற்றரி டைனமோவுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது, டைனமோ மோட்டராகச் சுற்றப் பார்க்கிறது, பெல்ற் விடவில்லை. உடனே பற்றரிக் கேபிளைக் கழற்றுங்கள், நாற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறகு ஆறுதலாகப் பெட்டியைத் திறந்து கட் அவுற் நுனிகளைச் சுத்தம் செய்யலாம். இதற்காகவே பற்றரிக்குப் பக்கத்தில் கையால் திருப்பி வெட்டும் சுவிற்ச் ஒன்று போட்டிருக்கிறேன், இரவில் வண்டியைப் பூட்டிவிட்டு அதையும் திருப்பிவிடுவேன்.

மிச்சம் சில்லறை

ஹோர்ண் நிற்காமல் அடித்தால், பொத்தானுக்கு வரும் வயர் எங்கோ பொடியைத் தொடுகிறது. பொத்தான் இருப்பது ஏர்த் பக்கத்தில், உயிர்ப் பக்கத்தில் அல்ல.

பெற்றோல் மீற்றர் எப்போதும் நிறைவு காட்டினால் பழைய வகை மீற்றரில் தாங்கியிலிருந்து வரும் பச்சை-கறுப்பு வயர் அறுந்திருக்கிறது, எப்போதும் வெறுமை காட்டினால் எங்கோ ஏர்த்தாகியிருக்கிறது. எங்களுடையது நிறைவு காட்டியது. தாங்கியைத் தூக்கிப் பெயின்ற் அடித்துப் பூட்டியபோது அந்த வயரைப் போட மறந்திருந்தேன். அண்ணை அதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. கோப்பாய்ச் சந்தியில் பெற்றோல் முடிந்து நின்ற அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.